எட்டாம் வகுப்புக்கு அப்புறம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து என் வீட்டுக்கு அம்மாமார் வர ஆரம்பிப்பார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கு இல்லை. பின்னால் ஒரு பையனோ பெண்ணோ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "டீச்சர், இவளுக்குப் படிப்பு ஏற மாட்டேங்கு. ஏதாவது கைத்தொழில் படிச்சுக் குடுங்க, பொழச்சுக்கிடட்டும்" என்பார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. விடிய எழுந்து பீடி இலை வெட்டி, நடவுக்கும் போய், பத்து வருஷம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைசியில் கணக்கில் 22 என்று பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? நான் அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் பேசுவேன். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் அரசுப் பள்ளியில் பகுதிநேரத் தையல் ஆசிரியை. 2012இல் தமிழ்நாடு முழுக்க 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, தையல், தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன் என்று பல பாடங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வாரத்தில் மூன்று அரை நாள். அதில் நானும் ஒருத்தி. தையல் லோயர், ஹையர் அரசுத் தேர்வு எழுதி, தொழிலாசிரியர் சான்றிதழும் வாங்கி வைத்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. எங்கள் பள்ளி திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய் பாயும் ஊரில் இருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல், வாழை, அப்புறம் வீட்டுக்கு வீடு பீடி. இதுதான் எங்கள் பிள்ளைகளின் வீடு.

தையல் வகுப்பு என்றால் பலருக்கும் அது பாடவேளையை நிரப்புகிற சமாச்சாரம். எனக்கு அது ஒரு பிள்ளையை முழுதாகப் பார்க்கிற இடம். கரும்பலகைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கு என்ன வரவில்லை என்று தெரியாது. எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் தேர்ச்சி. அது நல்ல ஏற்பாடுதான், பதினோரு வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கி வீட்டுக்கு அனுப்புவதில் எந்த நன்மையும் இல்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுகிறது என்பதும் உண்மை. அங்கே போனதும் திடீரென்று எல்லாரும் விழித்துக்கொண்டு திட்டுகிறார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவே முடியாது. மற்ற பிள்ளைகள் கோத்துக் கொடுத்தால் அழகாகத் தைப்பாள், சங்கிலித் தையல் அத்தனை சீராக விழும். ஊசியைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிப்பதைக் கவனித்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள். பள்ளிக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் தலைமையாசிரியை மூலமாகச் சொல்லி, அவளைத் தனியாகப் பார்க்க வைத்தோம். கண்ணாடி வந்தது. அதுவரை ஆறு வருஷமாக அவளை எல்லாரும் மந்தமான பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள். படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கண், காது, வாசிப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லி யார் வந்தாலும் சொல்கிறேன். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற, எவ்வளவு முயன்றாலும் வாசிப்பு கூடாத பிள்ளைகளும் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்குவார்கள். பொதுத் தேர்வில் அவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு, கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. இது தெரியாமலே எத்தனை பிள்ளைகள் நின்றுபோகின்றன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்பு. வகுப்பில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டான். அவன் மேல் புகார் இல்லாத ஆசிரியர் கிடையாது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்வான். தையல் வகுப்புக்குப் பையன்களும் வருவார்கள், நான் பிரிப்பதில்லை. ஊரில் பேர் வாங்கிய தையல்காரர்கள் பலரும் ஆண்கள்தானே.

புதிதாக வருகிற பிள்ளைகளை நான் உடனே துணியைத் தொட விடமாட்டேன். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் மிஷினை ஓட்டச் சொல்வேன். ஊசி கோட்டின் மேலேயே ஓட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். நேர்கோடு வந்ததும் கட்டம், அப்புறம் வட்டம், அப்புறம் கழுத்து வளைவு. இவன் அந்தத் தாளோடு உட்கார்ந்தால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். காலும் கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கிறபோது அவன் உடம்பில் இருந்த பரபரப்பு எங்கேயோ போய்விடும். பாபின் சிக்கினால் ஷட்டிலைக் கழற்றி, பிசிறை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுவான். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, நான் செய்வதைப் பார்த்தே படித்துக்கொண்டான்.

அளவு எடுக்கிற பாடம் வந்தபோதுதான் சிக்கல். டேப்பில் அரை இஞ்ச், கால் இஞ்ச், ஒரு நூல் எல்லாம் அவனுக்கு இரண்டே வகுப்பில் வந்துவிட்டது. எட்டு நூல் ஓர் இஞ்ச் என்பதை வைத்துக்கொண்டு, 34 இஞ்ச் மார்பளவை நாலாக மடித்தால் எட்டரை என்று டேப்பையே மடித்துக் காட்டினான். எடுத்த அளவை எழுதத்தான் தெரியவில்லை. எண் எழுதுவான், அது கைக்கா கழுத்துக்கா என்று எழுத மாட்டான். அடுத்த வாரம் நோட்டைப் பார்த்தால் அவனுக்கே புரியாது. அளவு நோட்டில் பேர் எழுதாமல் துணியை வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் படம் போட்டான். கைக்கு ஒரு கை, கழுத்துக்கு ஒரு வளைவு. சரி என்று விட்டேன். பிறகு படத்துக்குப் பக்கத்தில் எழுத்து: தோள், மார்பு, இடுப்பு, கை, கழுத்து. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். தினமும் வேண்டிய சொற்கள். தப்பாக எழுதினால் துணி வீணாகும், அதனால் தப்பில்லாமல் எழுதினான். அப்புறம் முன் கழுத்து, பின் கழுத்து, கைச் சுற்று. அப்புறம் யாருடைய அளவு என்று பிள்ளைகளின் பெயர்கள். வகுப்பில் இருந்த எல்லார் பெயரையும் வருஷக் கடைசிக்குள் அவன் எழுதினான். புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்க அப்போதும் திணறினான்தான். ஆனால் எழுத்து என்பது தன்னை அவமானப்படுத்துவதற்காக யாரோ வைத்திருக்கிற பொருள் என்கிற பயம் அவனுக்குப் போனது. அந்தப் பயம் போனால் மிச்சத்தை எந்த வயதிலும் படித்துக்கொள்ளலாம்.

வாழ்வியல் திறன் பற்றி ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களை வகுத்திருக்கிறது: தன்னை அறிவது, பிறர் நிலையை உணர்வது, முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, பேசுவது, உணர்ச்சியைக் கையாள்வது என்று போகும். எல்லாமே தேவையானவைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து 'முடிவெடுக்கும் திறன்' என்று தலைப்புப் போட்டு நடத்தினால் அவர்கள் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலைக்குள்ளிருந்து அது வர வேண்டும்.

எங்கள் பள்ளியில் மஞ்சப்பை தைத்தோம். 36 இஞ்ச் அகலத் துணி. ஒரு பைக்கு 15 இஞ்ச் வெட்டினால் ஒரு மீட்டரில் இரண்டு பை, மிச்சம் 9 இஞ்ச் கைப்பிடிக்கு ஆகும். இதைப் பிள்ளைகளே தரையில் துணியை விரித்துக் கண்டுபிடித்தார்கள். பள்ளி விழாவில் விற்கலாம், என்ன விலை வைக்கலாம் என்று கேட்டேன். துணி விலையை இரண்டாக வகுத்துச் சொன்னார்கள். நூலுக்கு என்றேன். சேர்த்தார்கள். உங்கள் கூலி எங்கே என்று கேட்டபோது எல்லாரும் விழித்தார்கள். "நாம தச்சதுக்கு நமக்கே எதுக்கு டீச்சர் கூலி?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் அம்மா ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். இலை வெட்டுவதும் முனை மடக்குவதும் இவள் வேலை, அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஒரு பை தைக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதச் சொன்னேன். அதற்கு ஒரு விலை போட்டோம். அன்றைக்குப் பாடவேளை முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடியது. அந்தப் பெண் வீட்டில் போய் அம்மாவின் பீடிக் கணக்கைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவள் அம்மா என்னிடம் வந்து, "என்ன டீச்சர், பிள்ளைக்கு வக்கீல் படிப்பா சொல்லிக் குடுக்கிய?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னும் சில காரியங்களையும் தையலோடு சேர்த்தே செய்கிறோம். தபால் நிலையத்துச் சேமிப்புப் படிவத்தை நிரப்புவது. போனில் பேசும்போது யார் பேசுகிறோம், எதற்குப் பேசுகிறோம் என்று முதலிலேயே சொல்வது. கேட்ட நாளில் துணியைக் கொடுக்க முடியாதென்றால் முந்தின நாளே சொல்வது. யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் சத்தம் போடுவது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது. மாதவிலக்குத் துணியைப் பற்றிப் பெண் பிள்ளைகளோடு தனியாகப் பேசுவேன். பட்டன் தைப்பது, கிழிசலை ஒட்டுவது, சோறு வடிப்பது எல்லாம் பையன்களுக்கும் கட்டாயம். நாளைக்குச் சென்னையில் மளிகைக் கடையில் வேலைக்கு நின்றாலும் கம்பெனி விடுதியில் தங்கினாலும் அவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இப்போது அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் வருகிறேன். கண்ணாடி போட்ட பிறகு எட்டாம் வகுப்பில் நன்றாகவே எழுதினாள். ஒன்பதில் விட்டுப்போன பாடங்கள் பாரமாகி, பத்தில் இரண்டு பாடம் போனது. துணைத் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று நான் ஓடினேன். அதற்குள் ஊருக்கு ஏஜெண்ட் வந்துவிட்டார். முடிவு வருகிற நாள் ஏஜெண்டுகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மேற்கே ஒரு மில்லில் மூன்று வருஷம் வேலை, சாப்பாடு, தங்கும் இடம், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் பாதிகூட அவளால் தாங்க முடியவில்லை. பஞ்சுத் தூசியில் இருமலோடு திரும்பி வந்தாள். நடுவில் வந்துவிட்டதால் மொத்தப் பணம் இல்லை என்றுவிட்டார்கள்.

பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. மற்ற வேலைகளுக்கும் நேரக் கணக்கு உண்டு, இரவு வேலை கூடாது. இந்த மூன்று வரியைப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது எல்லா வருஷமும் சொல்கிறேன். அந்தப் பெண் இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள், போன இரண்டு பாடங்களையும் தனித்தேர்வராக எழுதப் படிக்கிறாள். திருநெல்வேலிக்குத் தனியாகப் பஸ் ஏற இன்னும் பயப்படுகிறாள். லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி குறைத்துக் கேட்டால் மட்டும் "அத்தே, துணியக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிடுகிறாள்.

பையன் கதை வேறு வழியில் போனது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். ஒரு வருஷம் வாழைத்தார் ஏற்றுகிற வண்டியில் போனான். மறு வருஷம் ஜூனில் அவன் அம்மா வந்தபோது நான் திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கிற அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தை, அதாவது ஐ.டி.ஐ.யைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பத்தாவது பாஸ் பண்ணாதவன யாரு டீச்சர் சேப்பா?" என்றார்.

இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் தங்கிவிடுகின்றன. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950இலிருந்து இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்திருந்தால் சேரலாம். ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆனால் ஒயர்மேன், வெல்டர், தச்சு வேலை, தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது, விசாரித்துக்கொள்ள வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவி, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், ஐ.டி.ஐ. படிப்பும் இதில் சேரும். பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மாமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று இதைவிட முக்கியம். எட்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷப் பிரிவில் ஐ.டி.ஐ. தேறிய பிள்ளை, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். பத்து முடித்து ஐ.டி.ஐ. போன பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக இதே மாதிரி உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரவும் வழி இருக்கிறது. அதனால்தான் எட்டாம் வகுப்போடு வருகிற பிள்ளை ஒரு வருஷப் பிரிவா, இரண்டு வருஷப் பிரிவா என்று கேட்டால், பிள்ளைக்குப் பிடித்திருக்கிற பட்சத்தில் இரண்டு வருஷத்தைச் சொல்கிறேன். பதினைந்து வயதில் எடுத்த முடிவு இருபத்தைந்து வயதில் அவனைக் கட்டிப்போடக் கூடாது. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து வேலையை நன்றாகப் படித்துக்கொண்ட பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். கையில் தாள் இல்லாததால் நாற்பது வயதிலும் தினக்கூலிதான்.

பையன் ஒயர்மேன் பிரிவில் சேர்ந்தான். முதல் நாள் செங்கோட்டை பாசஞ்சரில் நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் பேரை ஒவ்வொன்றாக அவனே வாசித்தான்: வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை. ஊகிக்கவில்லை, எழுத்துக் கூட்டியே வாசித்தான். அங்கே பைப் அளவு நூல் கணக்கில்தான். முக்கால் இஞ்ச் என்றால் ஆறு நூல். டேப் பிடித்துப் பழகிய பையனுக்கு அது புதிதாக இல்லை. எழுத்துப் பாடம் சிரமமாகத்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு நோட்டோடு வருவான். சர்க்யூட் படத்தை அவன் எனக்கு விளக்குவான், நான் அதை எழுதச் சொல்வேன். எனக்கு மின்சாரம் தெரியாது, அதுவே நல்லதாகப் போனது. தெரியாத ஆளுக்குப் புரியும்படி எழுத வேண்டியிருந்ததே. சான்றிதழ் வாங்கினான், மொழித்தாள்களையும் எழுதினான். இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கிறான். அப்ரண்டிஸ் காலத்திலும் உதவித்தொகை உண்டு, 1961ஆம் வருஷத்துச் சட்டப்படி கொடுத்தாக வேண்டும். தன் பேண்டை இப்போதும் தானே ஆல்ட்டர் செய்துகொள்கிறான்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐ.டி.ஐ. சேர்ந்து ஒரு மாதத்தில் நின்ற பிள்ளைகளும் உண்டு. வெல்டிங் பிடிக்காத பையனை மாமா சொன்னார் என்பதற்காக வெல்டிங்கில் சேர்த்தால் அவன் எப்படி இருப்பான்? எந்தத் தொழிலையும் தொட்டுப் பார்க்காத பிள்ளையிடம் பதினைந்து வயதில் திடீரென்று ஒரு பட்டியலை நீட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்தே தச்சு, மின்சாரம், தோட்டம், சமையல், தையல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்திருந்தால் அதற்குத் தெரியும் தனக்கு எது சரிப்படும் என்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் அந்த வகுப்பில் கூடவே இருக்க வேண்டும். படிப்பு வராதவர்களை மட்டும் பிரித்து ஓர் அறையில் வைத்தால் அந்த அறைக்கு ஒரு பேர் வந்துவிடும், அங்கே போகப் பிள்ளைகள் கூசும்.

எங்கள் சீமைக்கு இது புதுசு இல்லை. இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தபோது எழுத்தோடு லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் அதில் சம்பாதித்தார்கள். அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த நாசரேத்தில், தாது வருஷப் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேனன் மர்காஷிஸ் என்கிற மிஷனரி 1878இல் கைத்தொழில் பள்ளி தொடங்கினார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் அங்கே படித்தவள்தான், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. இடையன்குடியையும் நாசரேத்தையும் அதே பெருமையோடு சொல்லக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாரத்துக்கு மூன்று அரை நாளில், ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் அதிகம். இரண்டு மிஷினில் நாற்பது பிள்ளைகள் முறை வைத்துத் தைக்கிறார்கள். மிஷினில் உட்காராதவர்கள் கைத்தையல் போடுவார்கள். உங்கள் வீட்டில் யாரும் தொடாமல் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிற கால் மிஷின் இருந்தால், உங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, பெல்ட் மாட்டுவதே ஒரு பாடம்தான்.

கடைசியாகச் சேர்க்கைக்கு வேண்டிய தாள்களைப் பற்றி. இதில்தான் வருஷா வருஷம் பிள்ளைகள் மாட்டுகின்றன. விண்ணப்பம் ஆன்லைனில்தான், பெரும்பாலும் ஜூன் மாதம். வீட்டில் வசதி இல்லை என்றால் அரசு ஐ.டி.ஐ.யிலேயே போட்டுக் கொடுப்பார்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ எல்லாம் தயாராக இருக்கட்டும். எல்லாவற்றிலும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றுச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, பாஸ்புக்கில் வேறு ஸ்பெல்லிங் என்று இருந்தால் உதவித்தொகை கணக்கில் ஏறாமல் மாதக் கணக்கில் நிற்கும். ஆதார் திருத்தத்துக்குப் பிள்ளையே நேரில் போக வேண்டும். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், காலி இடங்களுக்குப் பிறகு நேரடிச் சேர்க்கை அறிவிப்பார்கள். ஜூனில் இ-சேவை மையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு போய்த் திருத்திவிடுங்கள்.